பாராங் ஏன் முறிகிறது? உருக்கு சொல்லும் வரலாறு



கூலிம் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "பாராங்க நெருப்புல போட்டுடாத, பதம் போயிடும்" என்பார்கள். அதே பாராங்கைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் அமுக்கிவிட்டு அப்படியே வெட்டப் போனால், முனை கண்ணாடி மாதிரித் தெறித்துவிடும். இரும்பு ஒன்றுதான். ஒரு நேரம் வளைகிறது, ஒரு நேரம் ஒடிகிறது. இது அறிவியல் பாடத்துக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை. நம் வரலாற்றில் ஒரு முக்கியமான பக்கமும் இதில் இருக்கிறது.

முதலில், காரணம் என்ன?

இரும்புக்குள் சின்னச் சின்னப் படிகத் துகள்கள் நெருக்கமாக அடுங்கி இருக்கின்றன. அடி விழும்போது துகளுக்குள் இருக்கும் அணு அடுக்குகள் வழுக்கி நகர்ந்தால் இரும்பு வளையும். நகர வழி இல்லையென்றால் விரிசல் விடும், முறியும். நகரவிடாமல் செய்பவை எவை?

1. கரிமம்: மிகக் குறைவாக இருந்தால் தேனிரும்பு, வளையும். சுமார் 2 விழுக்காட்டுக்கு மேல் போனால் வார்ப்பிரும்பு; சுத்தியல் அடி தாங்காது. நடுவில் இருப்பதுதான் எஃகு.
2. கந்தகமும் பாஸ்பரஸும்: கந்தகம் கலந்த இரும்பு, காய்ச்சி அடிக்கும்போது நொறுங்கும். பாஸ்பரஸ் கலந்தது ஆறிய பிறகு, குளிரில் ஒடியும்.
3. ஆறும் வேகம்: சட்டென்று குளிர்ந்த எஃகு மிகக் கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் வரும். மறுபடி இலேசாகச் சூடு காட்டினால் அந்த ஆபத்து குறையும். கொல்லர்கள் 'தோய்ச்சல்' கொடுப்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

லண்டனில் நொறுங்கிய எஃகு

தென்னிந்தியாவில் மூசையில் இட்டு உருக்கிய எஃகுக்கு உலகெங்கும் பெயர் இருந்தது. தமிழில் உருக்கு, கன்னடத்தில் உக்கு. ஐரோப்பியர் வாயில் அது 'ஊட்ஸ்' ஆனது. 1794இல் பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் என்பவர் இதன் மாதிரிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

ஆனால் அங்குள்ள கொல்லர்களில் பலர் இதைக் கையாள முடியாமல் தவித்தார்கள். தங்கள் நாட்டு இரும்பைக் காய்ச்சுவது போல வெள்ளை வெளேரென்று காய்ச்சி அடித்தார்கள். பாளம் உதிர்ந்து போனது. குறை பாளத்தில் இல்லை. இந்த எஃகில் கரிமம் 1 முதல் 2 விழுக்காடு வரை இருந்தது. கரிமம் கூடக் கூட, எஃகு உருகத் தொடங்கும் சூடு குறையும். வெண்சூட்டில் படிகத் துகள்களின் ஓரங்கள் உருக ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் அடித்தால் நொறுங்காமல் என்ன செய்யும்? கீழை நாட்டுக் கொல்லர்கள் சிவந்த சூட்டிலேயே பொறுமையாகத் தட்டினார்கள்.

கொல்லரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே இந்த எஃகை ஆராய்ந்து, அதன் ரகசியம் அலுமினியம் என்று நினைத்தார். அது தவறு. கரிமத்தின் மிகுதிதான் காரணம் என்று 1823 வாக்கில் பாரிஸில் பிரேயான் சொன்னார். வாழையடி வாழையாகக் கொல்லர் கையில் இருந்த அறிவு, புத்தகத்தில் ஏற இவ்வளவு காலம் பிடித்தது.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஷெஃபீல்டுக்கு

ஜோசையா மார்ஷல் ஹீத் சென்னை மாகாணத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். வேலையை விட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்து இரும்புத் தாதும் மரக்கரியும் அதற்கு மூலப்பொருள். நம் கொல்லர்கள் உருக்குச் செய்த முறையையும் அவர் எழுதி வைத்தார்: தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியை மூசைக்குள் இட்டு, எருக்கிலை போன்ற இலைகளால் மூடி, மண் பூசி அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சுவார்கள். அந்தக் குச்சியும் இலையும்தான் கரிமத்தைக் கொடுத்தன.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகு காய்ச்சும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். மாங்கனீஸ் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சூட்டில் நொறுங்குவது குறையும். ஷெஃபீல்டு ஆலைகளுக்கு நல்ல ஆதாயம். ஹீத்துக்கோ நீண்ட வழக்குதான் மிஞ்சியது. 1855இல் மேல்முறையீட்டிலும் அவர் தரப்பு தோற்றது. அப்போது அவர் உயிரோடு இல்லை. பரங்கிப்பேட்டை ஆலையும் அதே நூற்றாண்டில் மூடப்பட்டது.

ஹீத்தின் பெயராவது ஏட்டில் இருக்கிறது. அவருக்கு மூசையைத் திறந்து காட்டிய கொல்லர்களின் பெயர்கள் எங்கே? இந்தக் கேள்வியை வகுப்பில் கேளுங்கள்.

தேர்வில் கவனம்

நம் கெடா மாநிலத்துச் சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உலைகளையும், காற்று ஊதிய மண்குழாய்களையும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகழ்ந்தெடுத்தார்கள். பெருமைதான். ஆனால் அதையும் தமிழகத்து மூசை உருக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். சுங்கை பத்துவில் நடந்தது, தாதைக் கரியோடு உலையில் இட்டு இரும்பு பிரித்தெடுப்பது. உருக்கு என்பது, அப்படிக் கிடைத்த இரும்பில் அளவாகக் கரிமம் ஏற்றுவது. அது அடுத்த படி. 'கடாரத்தில் தமிழர் உருக்கு காய்ச்சினார்கள்' என்று ஆசையில் எழுதினால் மதிப்பெண் போகும்; வரலாறும் கெடும்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஐரோப்பியக் கொல்லர் கையில் நம் எஃகு நொறுங்கியதற்கான காரணத்தை இரண்டு வரியில் விளக்குக.
2. ஆவாரங்குச்சி, மாங்கனீஸ்: எஃகில் ஒவ்வொன்றின் வேலை என்ன?
3. எழுத்தில் பதிவாகாத தொழிலறிவை வரலாற்று ஆசிரியர் எந்தச் சான்றுகளைக் கொண்டு மீட்கலாம்?

மூன்றாவது கேள்விக்குப் புத்தகத்தில் மட்டும் விடை தேடாதீர்கள். உங்கள் வட்டாரத்தில் கத்தி அடிக்கும் பட்டறை இன்னும் இருந்தால், ஒரு நாள் போய் அந்த ஐயா தோய்ச்சல் கொடுப்பதைப் பார்த்து, அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.