தேயிலைச் சாயமும் பழைய கிட்டாரும்

போன தவணை எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்கு தரம் 8 மாணவன் ஒருவன் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தான். வெள்ளைத்தாளைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து, ஓரங்களை மெழுகுதிரியில் கருக்கியிருந்தான். பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "இது அந்தக் காலத்துப் பேப்பரா மகன்?" என்று கேட்டார். பிள்ளை பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றான்.

எனக்கு உடனே எலக்ட்ரிக் கிட்டார்களின் கதைதான் ஞாபகம் வந்தது.

லியோ ஃபெண்டர், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் 1954இல் அவரது கம்பனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் உலகம் முழுக்கப் பரவியது. அதற்குப் பூசிய லெக்கர் மெல்லியது. வியர்வை பட்டுத் தேயும், காலம் போக மஞ்சளாகும், குளிரில் வெடிக்கும். அன்று அதைக் குறையாகத்தான் பார்த்தார்கள்.

1965 ஜனவரியில் ஃபெண்டர் தன் கம்பனியை சீ.பீ.எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். அதன்பிறகு தரம் குறைந்துவிட்டது என்று இசைக்காரர்கள் குறைப்பட்டார்கள். 1965க்கு முந்திய கிட்டார்களைத் தேடி அலைந்தார்கள். எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் நகரில் மலிவாக வாங்கிய பழைய கிட்டார்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றை உருவாக்கினார். 2004 ஏலத்தில் அது 959,500 டொலருக்குப் போனது.

இந்த விலையை யார் கொடுப்பது? 1995இல் ஃபெண்டர் கம்பனியே ஒரு வழி கண்டுபிடித்தது. 'ரெலிக்' என்ற பெயரில், புதிதாகச் செய்த கிட்டாரைப் பழசாக்கி விற்றது. வின்ஸ் குனெட்டோ என்ற கைவினைஞர் அந்த வேலையைச் செய்துகொடுத்தார். பெயின்ட்டைத் தேய்ப்பது, உலோகத்தை மங்கவைப்பது, பூச்சில் வெடிப்பு விழுத்துவது எல்லாம் இப்போது ஒரு தொழில். வீட்டில் செய்பவர்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் பாகங்களைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போடுவதும் உண்டு. எங்கள் மாணவன் செய்ததும் இதைத்தான்! கிப்சன் கம்பனியும் 2021இல் இதற்கென்றே தனிப்பிரிவு தொடங்கியது.

இது ஏமாற்றா? இல்லை. வாங்குபவருக்கு அது புதியது என்று தெரியும். கம்பனி முத்திரையும் சான்றிதழும் தருகிறது. தேய்ந்த கழுத்து கைக்கு இதமாக இருக்கிறது, முதல் கீறல் விழுமே என்ற பயமும் இல்லை. அது நியாயமான ஆசைதான்.

பிரச்சினை இரண்டாவது கையில்தான் தொடங்குகிறது. யாரோ முத்திரையைச் சுரண்டி, சான்றிதழை ஒளித்து, "1962" என்று விற்கிறார். அதனால்தான் விசயம் தெரிந்தவர்கள் வெளிக்கீறலை நம்புவதில்லை. கிட்டாரைக் கழற்றுகிறார்கள். கழுத்தின் அடியில் எழுதிய திகதி, உள்ளே இருக்கும் மின்பாகங்களின் இலக்கம், ஈயப்பற்று, புற ஊதா ஒளியில் பூச்சு எப்படி ஒளிர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஒரு சாட்சி பொய் சொன்னாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். வரலாற்று மூலாதாரங்களைச் சோதிக்கும் முறையும் இதேதான்.

அயர்லாந்துக் கலைஞர் ரோரி கலகர் 1961ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை 1963இல் கோர்க் நகரில் வாங்கி, சாகும்வரை வாசித்தார். அவரது வியர்வையில் பூச்சு கழன்று மரமே தெரிந்தது. ஃபெண்டர் கம்பனி அந்தத் தழும்புகளை அப்படியே பிரதியெடுத்து விற்றது. ஆனால் 2024 ஏலத்துக்குப் பிறகு அயர்லாந்தின் தேசிய நூதனசாலைக்குக் கொடுக்கப்பட்டது அவர் வாசித்த அசல்தான். தழும்பைப் பிரதியெடுக்கலாம், வாசித்த முப்பது வருடத்தைப் பிரதியெடுக்க ஏலாது.

கண்காட்சி முடிய முன் மாணவனிடம், "கீழே 'மாதிரி' என்று எழுதுங்க மகன்" என்றேன். "சேர், அப்படி எழுதினா ஒருத்தரும் பார்க்க மாட்டாங்களே" என்றான். எழுதினான். அதன்பிறகும் பார்த்தார்கள். இந்த முறை கேட்ட கேள்வி வேறு: "இத எப்படிச் செஞ்சீங்க மகன்?" அதற்கு அவன் வாய் ஓயாமல் பதில் சொன்னான்.