ஜீனோ வந்த வழி

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இருப்பது பதிப்பகம் போட்ட புத்தகம் அல்ல. வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து, காலிகோ முதுகு ஒட்டிய பைண்டு. சேர்த்தவர் நெய்வேலியில் வேலை பார்த்த பெரியப்பா.

பிளாக், டைப், குவார்ட்டர்ஸ் நம்பர் என்று முகவரி எழுதும் ஊரில் அவர் அதைப் படித்தார். சீனியாரிட்டி வந்தால்தான் பெரிய வீடு. கதையிலும் வீடு ஒதுக்குவது அரசுதான். நிலா என்ற பெண் இருக்கும் வீட்டுக்கு முன்பின் தெரியாத ரவி, ஜீனோ என்ற இயந்திர நாயோடு வந்து தங்குவான். பிள்ளை பெற அனுமதி வேண்டும். பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. 2020களில் நடக்கும் கதையாம்! நெருக்கடி நிலையின் கட்டாயக் கருத்தடையை மறந்திராத வாசகர்களுக்கு, ஸ்கூட்டருக்கும் டெலிபோனுக்கும் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, அதில் எதிர்காலம் எவ்வளவு தெரிந்திருக்கும்? பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் அந்தக் காலத்து விளம்பரங்கள். தனிப் புத்தகமாக வாங்கியிருந்தால் இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டிருக்காது.

எழுதியவர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்குள்ளவர். அவர் கதையில் நாட்டை ஆளும் ஜீவா மனிதனே இல்லை, வெறும் ஹோலோகிராம். (படிக்காதவர்கள் மன்னிக்கவும்.) இயந்திரம் செய்யத் தெரிந்தவருக்குத்தான் அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற சந்தேகம் வரும்போல.

பெரியப்பா ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது மற்ற பத்திரிகைகள் எடைக்குப் போயின. இந்தப் பைண்டு மட்டும் அண்டா குண்டான்களோடு டெம்போவில் ஏறி இங்கே வந்தது. முன்னுரை இருக்க வேண்டிய பக்கத்தைக் கரையான் அரித்ததில் நஷ்டமில்லை. தொடருக்கு முன்னுரை ஏது, அது பைண்டர் வைத்த வெற்றுத்தாள்.

இப்போது அதைப் படிப்பவன் பெரியப்பாவின் பேரன். சுரங்க வேலைக்குக் காண்ட்ராக்டில் போகிறான். இரண்டெழுத்துப் பெயருக்குச் சிரித்தவன், நிலாவின் கணவன் சிபி காணாமல்போய், அப்படி ஒருவன் பதிவிலேயே இல்லை என்று சொல்லப்படும் இடத்தில் நிமிர்ந்தான். “ஆதார்ல ஒரு எழுத்து மாறினா நமக்கும் இதே கதிதான், சித்தப்பா.”

அரசு எல்லோரையும் கணக்கில் வைத்திருப்பதுதான் பெரியப்பா தலைமுறையின் பயம். இவனுக்கு அந்தக் கணக்கில் ஏறவே வழி தெரியவில்லை. “எல்லாருக்கும் வீடு அலாட் பண்றாங்களே, ஜீவா ஆட்சியில காண்ட்ராக்ட் லேபர் கிடையாதா?” என்று கேட்டான். கதையில் அப்படி ஒருவர் வந்ததாக எனக்கு நினைவில்லை.