சிதைப்பதற்கும் ஆற்றல் தேவையா?

மலை மேல் கல்லை ஏற்றுவதற்கு ஆற்றல் தேவை. உருண்டு இறங்க ஆற்றல் தேவையில்லை. புரதமும் அப்படித்தான். அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்க ஆற்றல் செலவாகும். அச்சங்கிலி அறும்போது ஆற்றல் வெளிப்படும். நாம் உண்ணும் பருப்பிலுள்ள புரதத்தை இரைப்பையின் நொதிகள் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறின் உதவியின்றியே அறுத்துவிடுகின்றன. ஆனால் செல்லுக்குள் நடப்பது வேறு. இப்புதிர் விடுபட ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

உடலின் புரதங்கள் நிலையானவை என்றே முன்பு நம்பினர். 1930களின் இறுதியில் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமர், நைட்ரஜன்-15 என்னும் கன ஐசோடோப்பைக் கொண்ட அமினோ அமிலங்களை எலிகளுக்கு உணவாக அளித்தார். எலியின் எடை மாறவில்லை. ஆயினும் ஐசோடோப்பு திசுப் புரதங்களில் புகுந்திருந்தது. அப்படியானால் அதே அளவு பழைய புரதம் சிதைந்திருக்க வேண்டுமல்லவா?

1953இல் மெல்வின் சிம்ப்சன், கல்லீரல் துண்டுகளில் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்துப் பார்த்தார். புரதச் சிதைவு குன்றியது! இறங்கும் கல்லுக்கும் ஆற்றல் தேவைப்பட்டது போன்ற வியப்பு இது.

1955இல் கிறிஸ்டியன் டி டூவ் லைசோசோம்களைக் கண்டறிந்தார். சிதைவு அங்கேதான் நிகழ்கிறது என்று பலரும் எண்ணினர். ஆனால் 1977இல் எட்லிங்கரும் கோல்ட்பர்க்கும், முயலின் முதிராத இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து லைசோசோம் அற்ற சாறு எடுத்தனர். ஏ.டி.பி. சேர்த்ததும் அச்சாறு பழுதான புரதங்களைச் சிதைத்தது.

இதே வகைச் சாற்றை ஹைஃபா நகரின் டெக்னியானில் ஹெர்ஷ்கோவும் சிச்சனோவரும் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியில், கொதிக்க வைத்தாலும் கெடாத சிறு புரதம் ஒன்று இருந்தது. அதுவே 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிகுவிட்டின் என்பது 1980இல் தெரிந்தது. அழிய வேண்டிய புரதத்தின் மேல் ஒட்டப்படும் முத்திரை அது, ஒட்டுவதற்கு ஏ.டி.பி. வேண்டும். அமெரிக்கரான இர்வின் ரோஸுடன் இவ்விருவரும் 2004ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

ஆனால் முத்திரை பெற்ற புரதம் சிதையவும் ஏ.டி.பி. தேவைப்பட்டதே, ஏன்? விடை புரோட்டியசோம் என்னும் பீப்பாயில் இருந்தது. ஏழு ஏழு துணையலகுகள் கொண்ட நான்கு வளையங்கள். வெட்டும் இடங்கள் யாவும் உள்ளே. 1997இல் ஈஸ்ட் புரோட்டியசோமின் அமைப்பு வெளியானபோது, பீப்பாயின் இரு வாய்களும் மூடியிருந்தன! அவ்வாயின் மேல் ஆறு ஏ.டி.பி. சிதைப்பான்கள் வளையமாக அமர்கின்றன. இவை ஏ.டி.பி.யைச் சிதைத்து, அந்த ஆற்றலால் புரதத்தின் மடிப்பை அவிழ்த்து, நூல் போல உள்ளே இழுக்கின்றன.

ஆறும் ஒரே வேலையைச் செய்பவையா? 1998இல் ஈஸ்ட்டில் ஒவ்வொன்றாகப் பழுதாக்கிப் பார்த்தபோது, விளைவுகள் வேறுவேறாக இருந்தன. குறிப்பாக, ஆர்.பி.டி.2 என்னும் துணையலகுக்கு வாயிலைத் திறப்பதில் பங்குண்டு என்பது தெரியவந்தது.

எனவே இயற்பியல் விதி எதுவும் மீறப்படவில்லை. வெட்டுவதற்கு ஆற்றல் தேவையில்லை; எதை வெட்டுவது என்று தேர்ந்து, பிரித்து, உள்ளே செலுத்தவே தேவை. கத்தி திறந்து கிடந்தால் செல்லே அழிந்துவிடும். ஏ.டி.பி. என்பது அந்தப் பாதுகாப்புக்குச் செல் செலுத்தும் விலை.