உப்புக்காகப் போடப்பட்ட தடம்: தில்லி அருகே ஃபரூக்நகர் ரயில் நிலையத்தின் வரலாறு

புதுதில்லி: தில்லியிலிருந்து ரேவாரி செல்லும் ரயில் பாதையில், குருகிராமுக்கு அப்பால் உள்ளது கடி ஹர்சரு சந்திப்பு. அங்கிருந்து பிரிந்து செல்லும் சுமார் 11 கி.மீ. நீளக் கிளைப் பாதை ஃபரூக்நகர் என்ற சிற்றூரில் முடிவடைகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. நாளொன்றுக்குச் சில பயணிகள் ரயில்களே வந்து திரும்பும் இந்த நிலையம், இந்தியாவின் முதல் மீட்டர் கேஜ் பாதைகளில் ஒன்றின் முனையமாகும்.

நவாபுகளின் நகரம்

ஹரியாணா மாநிலம் குருகிராம் மாவட்டத்தைச் சேர்ந்த ஃபரூக்நகர், முகலாயப் பேரரசர் ஃபரூக்சியரின் பெயரைத் தாங்கியது. 1732-இல் ஃபௌஜ்தார் கான் இந்நகரை நிறுவினார். அவர் காலத்து ஷீஷ் மஹால் மாளிகையும் படிக்கிணறும் இன்றும் உள்ளன. 1857 கிளர்ச்சியில் பங்கேற்றதற்காக இவ்வூரின் நவாப் அகமது அலி கான் 1858-இல் தில்லியில் தூக்கிலிடப்பட்டார். அவரது ஆட்சிப் பகுதி ஆங்கிலேயர் வசம் சென்றது.

ரயில் வந்த காரணம்

ஃபரூக்நகரை அடுத்த சுல்தான்பூர் பகுதியில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. கிணறுகளிலிருந்து இறைத்த நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து மக்கள் உப்பு எடுத்தனர். அந்த உப்பு வடஇந்தியச் சந்தைகளுக்குச் சென்றது. இந்த வணிகத்துக்காகவே 1873-இல் ராஜபுதனா அரசு ரயில்வேயின் தில்லி - ரேவாரி பாதையிலிருந்து ஃபரூக்நகருக்குக் கிளைப் பாதை போடப்பட்டது.

தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி என்ற அளவு, அன்றைய கவர்னர் ஜெனரல் மேயோ பிரபுவின் காலத்தில் முடிவானது. இந்தியா விரைவில் மெட்ரிக் அளவை முறைக்கு மாறும் என அரசு அப்போது எதிர்பார்த்தது. அந்த மாற்றம் சுதந்திரத்துக்குப் பின்னரே வந்தது. ஆனால் மீட்டர் கேஜ் நாடெங்கும் பரவி, தமிழகத்திலும் பல தலைமுறைகள் நீடித்தது.

தடமே தந்த போட்டி

ராஜஸ்தானின் சாம்பர் ஏரியை ஆங்கிலேய அரசு 1870-இல் ஜெய்ப்பூர், ஜோத்பூர் சமஸ்தானங்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. ராஜபுதனா ரயில் பாதைகள் விரிவடைந்ததும், தரமும் மலிவும் கூடிய சாம்பர் உப்பு வடஇந்தியச் சந்தைகளை எளிதில் எட்டியது. சுல்தான்பூர் உப்பு அதனுடன் போட்டியிட முடியாமல், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தொழில் நலிந்து மறைந்தது. உப்பை ஏற்றிச் செல்ல வந்த ரயிலே அதன் வீழ்ச்சிக்கும் வழிவகுத்தது. இன்று சுல்தான்பூர் அறியப்படுவது பறவைகளுக்காக. அங்குள்ள ஏரி 2021-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இன்றைய நிலை

கிளைப் பாதை 2011-இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. வடக்கு ரயில்வேயின் தில்லி கோட்டத்தின் கீழ் இந்நிலையம் இயங்குகிறது. ஜஜ்ஜர் வழியாகத் தடத்தை நீட்டித்தால் முனையமாக உள்ள ஃபரூக்நகர் வழித்தட நிலையமாகிவிடும் என்பது நெடுநாள் கோரிக்கை. ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பயணிகளுக்கு, இது வெறும் வரைபடக் கோடு அல்ல. வேலைக்கும் கல்லூரிக்கும் செல்லும் வழி.

பயணிகள் குறைவாக இருந்தாலும் சரக்குப் போக்குவரத்து இந்நிலையத்துக்குப் புதிய பயனைத் தந்தது. மாருதி சுசூகி நிறுவனம் தனது கார்களை ரயிலில் ஏற்றும் முனையங்களில் ஃபரூக்நகரும் ஒன்றானது. எனினும் 2025 ஜூன் மாதம் மானேசர் ஆலை வளாகத்துக்குள்ளேயே ரயில் தடம் திறக்கப்பட்டது. ஒரே சரக்கை நம்பிய பாதைக்கு என்ன நேரும் என்பதை ஃபரூக்நகர் ஒருமுறை கண்டிருக்கிறது.

தமிழகத்தில் ஓர் இணை

நாகப்பட்டினம் மாவட்டம் அகஸ்தியம்பள்ளியும் உப்பால் அறியப்பட்ட கடைசி நிலையமே. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி அங்கு உப்பு அள்ளிக் கைதானார். திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி இடையிலான 37 கி.மீ. பாதை அகலப் பாதையாக்கப்பட்டு 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் நரேந்திர மோடியால் தொடங்கி வைக்கப்பட்டது. உணவு உப்பும் தொழிற்சாலை உப்பும் கொண்டு செல்ல இப்பாதை உதவும் என அப்போது அரசு தெரிவித்தது.

அகஸ்தியம்பள்ளியில் உப்பளங்கள் இன்றும் உள்ளன. ஃபரூக்நகரில் உப்பு போய்விட்டது. 1873-இல் அதற்காக வந்த தடம் மட்டும் நிலைத்திருக்கிறது.