பெயர்ப் பட்டியல்கள் எழுதிய ரோம் வரலாறு

பண்டைய ரோமானியர் வரலாற்றை எழுதியவர் யார் என்று கேட்டால் படித்தவர்கள் கிப்பன் பெயரைச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் துருவிப் படித்தவர்கள் மொம்சனையும் ரொனால்ட் சைமையும் சேர்த்துக்கொள்வார்கள். பவுலி, விசோவா, மியூன்சர், பிராட்டன் என்ற பெயர்கள் யார் வாயிலும் வருவதில்லை. முன்னவர்கள் வரலாற்றாசிரியர்கள், பின்னவர்கள் அவர்களுக்குச் செங்கல் சுமந்தவர்கள் என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணம் தவறு என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். கடந்த ஒன்றரை நூற்றாண்டில் ரோமைப் பற்றிய நம் அறிவில் நேர்ந்த பெரிய திருப்பங்கள் பல, கல்வெட்டுத் தொகுதிகளிலும் ஆள்பெயர்க் கோவைகளிலும் ஆட்சியாளர் பட்டியல்களிலும் பிறந்தவை. கதையாகச் சொல்லும் நூல்களுக்கு அவை பிறகே போய்ச் சேர்ந்தன. நோக்கு நூலைத் தொகுத்தவரும் வாதிடுகிறார்; தம் வாதத்தை வரிசையிலும் எண்ணிலும் அடிக்குறிப்பிலும் வைத்திருக்கிறார் என்பதால் அது நம் கண்ணில் எளிதில் படுவதில்லை.

மொம்சனையே எடுத்துக்கொள்வோம். 1854 முதல் 1856 வரை மூன்று தொகுதிகளாக அவர் வெளியிட்ட 'ரோமானிய வரலாறு' அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. அந்த நூலைக் குறிப்பாகச் சுட்டியே 1902-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசை வழங்கினார்கள். ஆனால் அந்த வரலாறு சீசரின் வெற்றியோடு நின்றுவிடுகிறது. பேரரசர்களின் காலத்தைச் சொல்ல வேண்டிய நான்காம் தொகுதி கடைசிவரை வரவேயில்லை. மாகாணங்களைப் பற்றிய ஐந்தாம் தொகுதி மட்டும் 1885-இல் வந்தது. இதற்குப் பலர் பல காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் உழைப்பு எங்கே போயிற்று என்று பார்த்தாலே ஒரு காரணம் விளங்கிவிடும். 1853-இல் பெர்லின் அறிவியல் கழகத்தின் ஆதரவில் இலத்தீன் கல்வெட்டுத் தொகுப்பு வேலை தொடங்கியது. இன்று அது 17 தொகுதிகள்; ஏறத்தாழ 1,80,000 கல்வெட்டுகள் அதில் அடக்கம். இயன்றவரை கல்லை நேரில் பார்த்தே வாசகத்தை அச்சிட வேண்டும் என்பது மொம்சன் வற்புறுத்திய நெறி. அதுவரை அறிஞர்கள் ஒருவர் ஏட்டிலிருந்து மற்றவர் படியெடுத்து, படியெடுத்ததிலிருந்து இன்னொருவர் படியெடுத்து, பிழை மண்டிக் கிடந்தது. போதாக்குறைக்கு, 16ஆம் நூற்றாண்டில் பிர்ரோ லிகோரியோ போன்றவர்கள் தாமே புனைந்த வாசகங்களையும் உண்மையானவற்றோடு கலந்துவிட்டிருந்தார்கள். தொகுப்பாளர்கள் அந்தப் போலிகளைத் தூக்கி எறியவில்லை. தனிப் பகுதியாக ஒதுக்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நட்சத்திரக் குறி இட்டு, அச்சிட்டே வைத்தார்கள். இன்னது போலி என்று ஊரறியச் சொன்னால்தானே அடுத்தவர் அதை எடுத்து ஆளாமல் இருப்பார்! ரோமைப் பற்றி எதைச் சான்றாக ஏற்கலாம், எதை ஏற்கலாகாது என்ற தீர்ப்பு, ஒரு பக்கம்கூடக் கதை சொல்லாத நூலில் இப்படித்தான் எழுதப்பட்டது. மொம்சனின் ஐந்தாம் தொகுதியே அந்தக் கல்வெட்டுகள் ஈன்ற பிள்ளைதான்.

ஆள்பெயர்க் கோவைகளின் கதை இதைவிடச் சுவையானது. ஆகஸ்ட் பவுலி என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1830-களின் இறுதியில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு செவ்வியல் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். முடிக்கும் முன்பே 1845-இல் இறந்துபோனார். அதை விரித்துப் புதுப்பிக்க 1890-இல் கியோர்க் விசோவா கையில் எடுத்தார். அவரும் 1931-இல் மறைந்தார். பதிப்பாசிரியர்கள் மாறி மாறி, இரண்டு உலகப் போர்களைத் தாண்டி, 80-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக வளர்ந்த அந்த நூலின் கடைசித் துணைத் தொகுதி 1978-இல்தான் வெளிவந்தது. அதில் சிசரோவைத் தேடுபவர் சிசரோ என்ற பெயரின்கீழ் தேடக் கூடாது; அவர் குலப்பெயரான துல்லியுஸ் என்பதன்கீழ் தேட வேண்டும். அங்கே அவர் 29ஆம் துல்லியுஸ். ஜூலியஸ் சீசர் 131ஆம் ஜூலியஸ். உலகம் முழுக்கப் பெயர் பரவிய மனிதரும், யாரோ ஒருவர் கடிதத்தில் ஒரே ஒரு முறை தலைகாட்டிய மனிதரும் அங்கே ஒரே வரிசையில் எண் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். குடியரசுக் கால ரோமானியர்களைப் பற்றிய பதிவுகளில் பெரும்பகுதியை எழுதியவர் பிரீட்ரிக் மியூன்சர். ஆயிரக்கணக்கான மனிதர்களை ஒருவர் பின் ஒருவராக, குலம் குலமாக, அப்பன் யார், பாட்டன் யார், எந்த ஆண்டில் எந்தப் பதவி, மகளை யாருக்குக் கொடுத்தார் என்று பதிந்துகொண்டே போனவருக்கு, பண்டைய எழுத்தாளர்களான லிவியையோ புளூட்டார்க்கையோ தொடர்ந்து படிப்பவர் கண்ணில் படாத ஒன்று பட்டது. உயர்பதவிகள் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வருவதையும், அக்குடும்பங்களைத் திருமணங்கள் அரசியல் அணிகளாகப் பிணைப்பதையும் கண்டு, அதை 1920-இல் தனி நூலாக எழுதினார்.

19 ஆண்டுகள் கழித்து, 1939 செப்டம்பரில், உலகப் போர் மூண்ட முதல் நாட்களில், ரொனால்ட் சைமின் 'ரோமானியப் புரட்சி' ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. அகஸ்டஸைக் குடியரசை மீட்ட நல்லவராக அல்லாமல், தன் கூட்டத்தாரைப் பதவிகளில் நிரப்பி ஆட்சியைப் பிடித்த ஒரு கட்சித் தலைவராகக் காட்டிய நூல் அது. இருபதாம் நூற்றாண்டில் ரோமைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகச் சிறந்த நூல் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு; மறுக்கக் காரணமில்லை. ஆனால் மியூன்சரின் பதிவுகள் இல்லாமல் அதை எழுதியிருக்க முடியாது. சைம் முன்னுரையிலேயே இந்தக் கடனை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். யூத வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக மியூன்சரை நாஜி ஆட்சி தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பியது. அங்கேயே அவர் 1942-இல் இறந்தார். சைமின் நூல் இன்றும் மறுபதிப்பாக வருகிறது. மியூன்சரின் பெயர் அந்தப் பெரிய களஞ்சியத்தில் பதிவுகளின் அடியில், சதுர அடைப்புக்குள் சிறிய எழுத்தில் நிற்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். குலப்பெயர் வரிசையில் அடுக்கினால் குலங்கள்தான் தெரியும். ரோமானிய அரசியலே குடும்ப அணிகளின் ஆட்டம் என்ற முடிவு, சான்றிலிருந்து வந்ததா, நூலின் அடுக்குமுறையிலிருந்து வந்ததா? கேட்க வேண்டிய கேள்விதான். சைமின் நூலை 1940-இல் மதிப்பிட்ட அர்னால்டோ மொமிலியானோ, யாருக்கு யார் உறவு என்று சொல்வதால் மட்டும் மக்களின் தேவைகளும் கருத்துகளும் விளங்கிவிடா என்ற பொருளில் குறை சொன்னார். பின்னர் கிறிஸ்தியன் மையரும் பி. ஏ. பிரண்டும், அந்த அணிகள் மியூன்சர் எண்ணிய அளவுக்கு நிலையானவை அல்ல, வழக்குக்கு வழக்கு, ஆண்டுக்கு ஆண்டு மாறியவை என்று விரிவாகக் காட்டினார்கள். இந்த மறுப்பின் சாரத்தை நான் ஏற்கிறேன். ஆனால் மறுத்தவர்கள் எதைக் கொண்டு மறுத்தார்கள்? சகலையும் மைத்துனனும் எதிரெதிர் அணியில் நின்ற வழக்குகளை அவர்கள் சுட்டிக்காட்ட முடிந்தது, யார் யாருக்குச் சகலை என்பது முன்பே எண்ணிட்டுப் பதியப்பட்டிருந்ததால்தான். தான் தூண்டிய முடிவைக் கவிழ்க்கும் கருவியையும் வாசகர் கையிலேயே கொடுத்துவைப்பது நல்ல நோக்கு நூலின் இயல்பு. கதை சொல்லும் வரலாற்றில் இதை எதிர்பார்க்க முடியாது. கிப்பனைக் கொண்டே கிப்பனைத் திருத்துவது கடினம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. பட்டியல் என்றாலே நம்பத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கையே ஆபத்து என்பார்கள். இதற்கு ரோமிலேயே சான்று இருக்கிறது. அகஸ்டஸ் காலத்தில் ரோமின் பொதுச்சதுக்கத்தில் கான்சல் என்ற உயர் ஆட்சியாளர்களின் பெயர்களை ஆண்டுவாரியாகச் சலவைக்கல்லில் வெட்டி வைத்தார்கள். 1546-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அந்தத் துண்டுகள் இன்று கேபிடல் குன்றின் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதில் மார்க் அந்தோணியின் பெயரை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, பின்னால் அதே இடத்தில் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். அவருடைய பாட்டனார் பெயருக்கும் அதே கதி. அழித்த இடம் பள்ளமாகத் தெரிகிறது. அதைவிட வேடிக்கை, கி.மு. 333, 324, 309, 301 ஆகிய நான்கு ஆண்டுகளுக்குக் கான்சல்களே இல்லை. சர்வாதிகாரி மட்டும் ஆண்டார் என்று அப்பட்டியல் சொல்கிறது. லிவிக்கு அந்த ஆண்டுகள் தெரியாது. கணக்கு சரிக்கட்டுவதற்காகப் பிற்காலத்தார் செருகியவை அவை என்பது ஆராய்ச்சியாளர்களின் பொதுவான முடிவு. காலியர்கள் ரோமைச் சூறையாடிய ஆண்டை மரபுக் கணக்கு கி.மு. 390 என்கிறது, கிரேக்கத்தில் நடந்தவற்றோடு பொருத்திச் சொல்லும் பண்டைய வரலாற்றாசிரியர் பொலிபியஸின்படி அது 387 அல்லது 386. இந்த வேறுபாட்டுக்கு அந்தச் செருகல் ஆண்டுகளும் ஒரு காரணம்.

ஆகவே பட்டியல்கள் பொய் சொல்லும் என்பது உண்மை. ஆனால் டி. ஆர். எஸ். பிராட்டன் 1951, 1952-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட 'ரோமானியக் குடியரசின் ஆட்சியாளர்கள்' நூலைத் திறந்து பாருங்கள். கி.மு. 509 முதல் 31 வரை ஆண்டுக்கு ஆண்டு கான்சல், பிரேட்டர், ஈடைல், மக்கள் டிரிபியூன், குவெஸ்டர் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பெயரின் கீழும் அதற்கான பழஞ்சான்றுகளை அடுக்கியிருக்கிறார். ஐயமான பெயருக்குக் கேள்விக்குறி. கருத்து வேறுபாடு இருந்தால் ஆண்டின் இறுதியில் குறிப்பு. 1986-இல் வந்த மூன்றாம் தொகுதி முழுவதும் துணைச்சேர்க்கையும் திருத்தமும்தான். அகஸ்டஸின் கல், அழித்ததை மறைக்கப் பார்த்தது. பிராட்டனின் பக்கம், தான் தடுமாறிய இடத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கிறது. நோக்கு நூலை நம்பலாமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, இந்தப் பக்கம் தன் சான்றைக் காட்டுகிறதா என்று கேட்பதே பயன் தரும்.

இவையெல்லாம் மேட்டுக்குடியினரின் ஏடுகள்தானே என்பது மூன்றாவது குறை. பதவி வகித்தவர்களைப் பதியும் நூலில் பெண்களும் அடிமைகளும் ஓரத்தில்தான் இருப்பார்கள். உண்மைதான். ஆனால் கல்வெட்டுத் தொகுதியில் பெரும்பாலானவை கல்லறை வாசகங்கள். விடுதலை பெற்ற அடிமைகளின் தொழிலும் குடும்பமும் நமக்குத் தெரிவது அவற்றால்தான். 1949-இல் முதற்பதிப்பு கண்ட ஆக்ஸ்போர்டு செவ்வியல் அகராதி, 1996-இன் மூன்றாம் பதிப்பில் பெண்கள் வரலாறு போன்ற புதிய தலைப்புகளைச் சேர்த்தது.

பழுதுபட்டாலும் நோக்கு நூல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்த மார்டிமர் வீலருக்கு இத்தாலிய முத்திரையிட்ட செந்நிறப் பானை ஓடுகள் கிடைத்தன. எந்தக் குயவர் எந்தக் காலத்தவர் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் முன்பே வரிசைப்படுத்தி வைத்திருந்ததால், அந்த மண்ணடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி என்று அவரால் சொல்ல முடிந்தது. அதோடு கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கிடைத்தது. அதைக் கொண்டு 1947-இல் கர்நாடகத்தின் பிரம்மகிரிக்கும் காலம் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலின் காலவரிசைக்கு முதல் பிடிமானம் இத்தாலியக் குயவர் பட்டியல். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்தபோது, அந்த ஊர் ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே தழைத்திருந்தது தெரிய வந்தது. அங்கு கிடைத்த சக்கர வடிவக் கோலமிட்ட பானைகளின் தொடக்கத்தையும் இன்னும் முந்தைய காலத்துக்குத் தள்ள வேண்டியதாயிற்று. வீலர் எடுத்த முடிவு திருந்தியது, அந்த முடிவுக்கு அடிப்படையான குயவர் வரிசை பெரும்பாலும் நின்றது. வீலர் வரையில் நின்றுவிட்ட பாடநூல்கள் இன்னும் அரிக்கமேட்டை ரோமானியர் நிறுவிய ஊர் போலவே எழுதுகின்றன.

எனவே இத்தகைய நூல்களைக் கையாள்வோர் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பாண்டை. பவுலி-விசோவா களஞ்சியத்தில் அகரவரிசையின் தொடக்கக் கட்டுரைகள் 1890-களின் அறிவு. துணைத் தொகுதிகளில் சில 1970-களின் அறிவு. ஒரே நூல் என்று எண்ணி இரண்டையும் ஒன்றாக மேற்கோள் காட்டுவது தவறு. 1996 முதல் 2003 வரை வெளிவந்த 'புதிய பவுலி' அண்மைய ஆய்வுகளைத் தருகிறது, ஆனால் மியூன்சர் பல பத்திகளில் விரித்த மனிதர்களை அது சில வரிகளில் முடித்துக்கொள்கிறது. புதியது வந்துவிட்டது, மின்தரவும் வந்துவிட்டது என்று பழைய தொகுதிகளைக் கழித்துக்கட்டும் வழக்கம் நூலகங்களில் பெருகிவருகிறது. நூலகர்களிடம் ஒரு வேண்டுகோள்: ரோமைப் பற்றிய பழைய நோக்கு நூல்களின் மேல் கழிவு முத்திரை குத்தாதீர்கள், புதிய பதிப்பை வாங்கி, பழையதன் பக்கத்திலேயே வையுங்கள்.