கைகாட்டியும் கேபினும்

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்களைக் கல்வெட்டு சொல்கிறது. அதே ஊர் ரயில் நிலையத்தில் அந்திதோறும் கைகாட்டி மரத்தில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கு வைத்தவனுக்கு அப்படியொரு கல் கிடையாது.

நமக்குக் கிடைப்பது கம்பெனிகளின் சரித்திரம். கிரேட் சதர்ன் கம்பெனி 1861-62இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு அகலப் பாதை போட்டது. 1875இல் அதையே மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். தஞ்சாவூர் ஜில்லா போர்டு தானே வரி விதித்துப் பணம் திரட்ட, 1894இல் மாயவரம்-முத்துப்பேட்டைப் பாதை வந்தது. 1926இல் தரங்கம்பாடிக்கும் ரயில் போயிற்று, 1986இல் நின்றது. தேதிகளுக்குக் குறைவில்லை. வண்டிகளை மோதாமல் அனுப்பிய கைகளைப் பற்றித்தான் பேச்சில்லை.

கேபின் என்பது வெறும் மாடி அறை அல்ல. மேலே வரிசையாக லீவர்கள்: சிவப்பு கைகாட்டிக்கு, கறுப்பு தண்டவாளம் பிரியும் பாயிண்டுக்கு, நீலம் பூட்டுக்கு. கீழ்த்தளத்தில் இரும்புப் பட்டைகளின் பின்னல். பாயிண்டைச் சரியாகத் திருப்பிப் பூட்டாமல் கைகாட்டி லீவரை இழுத்தால் அசையாது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உத்தரவுகளைக் கொடுக்கவே முடியாது. இங்கிலாந்தில் ஸாக்ஸ்பி 1856இல் இம்மாதிரிப் பிணைப்புக்குப் பேடண்ட் பெற்றார். 1890களில் அது இந்தியாவுக்கு வந்தது. மனிதனுடைய நல்லெண்ணத்தை நம்பாமல், அவன் தவறுவான் என்பதை ஒப்புக்கொண்டு கட்டிய இலக்கணம் இது.

ஆனாலும் இலக்கணம் தானாகப் பேசிவிடாது. கோடையில் கம்பி நீண்டு கைகாட்டி அரைகுறையாகத் தொங்கும். கேபின்காரர் கம்பியை முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். பச்சை காட்ட வேண்டிய கண்ணாடி உண்மையில் நீலம் கலந்தது. மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் சேர்ந்த பிறகே அது பச்சை. ஒற்றைப் பாதையில் டிரைவர் கையில் இரும்புப் பந்து இருந்தாக வேண்டும். அந்தப் பந்து அடுத்த ஸ்டேஷன் மிஷினுக்குள் விழும்வரை இன்னொன்று வெளியே வராது.

தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' ரயில் பெட்டிக்குள் நிகழ்கிறது. நம் உரைநடை பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. பிரயாணியின் ஜன்னல் நமக்குப் பழக்கம். கேபின் ஜன்னல் அல்ல. பிரயாணிக்கு வயல் ஓடும். கேபின்காரருக்கு அது நாற்றாகி, கதிராகி, தாளாகி அங்கேயே நிற்கும், ஓடுவது வண்டிதான். ஒரு பிரதேசத்தை இப்படிப் பார்த்த அனுபவம் எழுதப்படாமல் போனதை இலக்கிய நஷ்டமாகவே கருதுகிறேன்.

1992இல் நாடு முழுவதற்கும் ஒரே அகலம் என்று முடிவாயிற்று. டெல்டாவின் மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாயின. நாகப்பட்டினம் பாதை தன் பழைய அகலத்துக்கே திரும்பியது. வண்ண விளக்குகளும் பொத்தான் பலகைகளும் வந்தன. லீவர் கேபின்கள் போயின. இது தவறென்று வாதாட மாட்டேன். புது ஏற்பாடு பத்திரமானது. இரவில் மரமேற ஆள் வேண்டாம்.

ஆனால் லீவர் இழுத்தவர்கள் சிலர் இன்னும் இருப்பார்கள். எந்த லீவருக்குப் பின் எது, எந்த மழையில் எந்தக் கம்பி அறுந்தது என்பது அவர்கள் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. கட்டடத்தைப் படம் பிடிப்பதைவிட அவர்களைக் கேட்டு எழுதுவது அவசரம். ஆங்கிலத்தில் செமஃபோர் என்று வந்ததற்குக் கைகாட்டி என்று பெயர் வைத்தவர்கள் பண்டிதர்கள் அல்ல. அந்தச் சொல்லாவது யாருடைய கை என்று நம்மைக் கேட்க வேண்டும்.