கர்ணமும் கணினியும்

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமமொன்றில், எங்க ஆயாவின் தகரப்பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாய்க் கிழிந்த ஒரு தாள் இருந்தது. 'வெள்ளக்கார தொரை குடுத்த நெலம்டா இது' என்று ஆயா சொல்லும். சில ஆண்டுகளுக்கு முன் பழைய எண்ணுக்குரிய புதிய புல எண்ணைக் கண்டுபிடித்து இ-சேவை மையத்தில் தட்டிப் பார்த்தேன். வேறொருவர் பெயர். 'கம்ப்யூட்டர்ல இப்படித்தாண்ணே இருக்கு' என்றான் அங்கிருந்த பையன்.

இந்த 'இருக்கு' எப்படி உண்டானது என்பதுதான் கேள்வி.

செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் அரசாணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்கப்பட்டது. முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது. பிறகும் அவர்களுக்குள்ளேயே கைமாற வேண்டும். இந்த நிபந்தனைக்கு உயிர் பதிவேட்டில்தான். பதிவேடோ கர்ணத்தின் கையில். அரசும் குடியானவனும் நேருக்கு நேர் என்று மன்றோவின் ரயத்துவாரி முறை பேசியது. ஆனால் நடுவே அடங்கலும் சிட்டாவுமாகப் பரம்பரைக் கர்ணம் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் ஏற எங்கள் ஆட்களுக்கு அனுமதியில்லை.

1980இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் பதவியை ஒழித்தது. கர்ணம் எழுதியது ஒழியவில்லை. 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த 'யு.டி.ஆர்.' என்னும் பட்டா மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்கள் புதுப்பிக்கப்பட்டன. அனுபவத்தில் இருப்பவர் என்று ஊர் ஆதிக்கம் யாரைக் காட்டியதோ அவர் பெயர் பல இடங்களில் ஏறியது. அந்தக் கணக்குகளைத்தான் பின்னர் கணினியில் ஏற்றினார்கள். இன்று 'தமிழ்நிலம்' என்கிறோம். நடுவே, 1994 அக்டோபரில், பஞ்சமி நிலத்தை மீட்கப்போன காரணைப் போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின.

காகிதத்தைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆனால் காகிதத்தில் செய்த மோசடி தடயம் விட்டுப்போகும்: சுரண்டல், வேறு மை, வேறு கையெழுத்து. திரையில் பொய்க்கும் மெய்க்கும் ஒரே எழுத்துரு. அதேசமயம், திண்ணையில் ஏற முடியாத ஆயாவின் பேரன் இன்று யாரையும் கும்பிடாமல் சிட்டாவைப் பார்க்கிறான், மின்வழியே மனுப் போடுகிறான். இது சின்ன விஷயமல்ல. ஆகவே என் வழக்கு இயந்திரத்தோடு அல்ல. படியெடுத்தபோது 'இது சரியா?' என்று சேரியில் வந்து யாரும் கேட்கவில்லையே, அதோடுதான்.

இப்போது பிழையை நிரூபிக்கும் பாரம் பறிகொடுத்தவன் தலையில். அவன் தேட வேண்டிய பழைய செட்டில்மெண்ட் பதிவேடோ ஆவண அறையில் கட்டுக் கட்டாய்க் கிடக்கிறது. அதையும் இன்றைய சிட்டாவுக்குப் பக்கத்திலேயே திரையில் ஏற்ற வேண்டும். ஜமாபந்தியில் இரண்டையும் சேரிக்காரர்கள் முன் உரக்கப் படிக்க வேண்டும்.

ஆயா இப்போது இல்லை. அந்தத் தாளை ஸ்கேன் எடுத்து மனுவோடு ஏற்றியிருக்கிறேன். ஒப்புகை எண் வந்திருக்கிறது.